பழைய முதலாளிக்குப் போன் போவதற்கு முன்னால்

கேள்வி:

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மூன்றரை வருடம் மெர்ச்சண்டைசராக (பையரின் ஆர்டரைத் தொடக்கத்திலிருந்து ஷிப்மென்ட் வரை கவனிக்கும் வேலை) இருந்தேன். வயது 29. மாதச் சம்பளம் 38,000. கடந்த மார்ச்சில் ஒரு ஐரோப்பிய பையரின் ஆர்டர், 12,000 பீஸ் குழந்தைகள் டீ-ஷர்ட், கலர் மாறிவிட்டது. பையர் ஓகே செய்த லேப் டிப் (சாயமேற்றிய சாம்பிள் துணி) 'பி'. டையிங்கில் ஓடியது 'ஏ'. மறுபடி டையிங் போட்டு, கப்பல் தேதி தவறி, கடைசியில் ஏரில் அனுப்ப வேண்டியதாயிற்று. ஆறு லட்சத்துக்கு மேல் செலவு. எம்.டி. என்னை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டினார். அன்று இரவே, ஏப்ரல் 2-ஆம் தேதி, மெயிலில் பேப்பர் போட்டேன். நோட்டீஸ் 30 நாள். பதினோரு நாள் போனேன். தினமும் குத்திக்காட்டியதைத் தாங்க முடியாமல் 13-ஆம் தேதியோடு, சித்திரைக்கு முதல் நாள், நின்றுவிட்டேன். "நீ எங்க போனாலும் எனக்குத்தான் போன் வரும், அப்பப் பாத்துக்கறேன்" என்றார். ரிலீவிங் லெட்டர் (வேலையிலிருந்து விடுவித்த கடிதம்) தரவில்லை. அந்த 13 நாள் சம்பளமும் வரவில்லை.

இப்போது சென்னையில் ஒரு பையிங் ஆபீசில் (பையர்களுக்காக ஆர்டர்களைக் கவனிக்கும் ஆபீஸ்) ஆஃபர் வந்திருக்கிறது, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் முடிந்தால்தான் உறுதி என்ற நிபந்தனையோடு. ஃபாரத்தை வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பித் தர வேண்டும். இன்டர்வியூவில் ஏன் விலகினீர்கள் என்று கேட்டபோது 'கரியர் குரோத்' என்று சொல்லிவிட்டேன். என் தோழி, வேறு கம்பெனி எச்.ஆர். மாதிரி எம்.டி.க்குப் போன் செய்து அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம் என்கிறாள். சித்தப்பா மகன், டி.டி.பி. சென்டரில் அந்தக் கம்பெனி லெட்டர்ஹெட்டிலேயே ரிலீவிங் லெட்டர் 'ரெடி' பண்ணித் தருவதாகச் சொல்கிறான். எம்.டி. கெடுத்துவிடுவார் என்ற பயத்தில் தூக்கமே இல்லை. என்ன செய்வது?

— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்:

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது முதலாளியின் மிரட்டல் அல்ல. "கலர் மாறிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. யார் மாற்றியது? டையிங்குக்குப் போன புரோகிராம் ஷீட்டில் (எந்தக் கலர் என்று எழுதிக் கொடுக்கும் தாள்) என்ன எழுதியிருந்தது? அதை எழுதியது நீங்களா, உங்கள் ஜூனியரா? பையரின் அப்ரூவல் மெயிலை டையிங்குக்கு ஃபார்வர்டு செய்தீர்களா, வாட்ஸ்அப்பில் மட்டும் சொன்னீர்களா? இந்தக் கேள்விகளுக்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். இன்னொருவர் உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய மோசமான செய்தி இந்த ஒன்றுதான். அதைப் பற்றி நீங்களே மழுப்பினால், கேட்பவர் அவர் பக்கம் சாய்வார்.

இருபது வருடத்துக்கு மேலாகக் கோவை, திருப்பூர்ப் பக்கக் கம்பெனிகளில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். இந்த மாதிரிப் போன்களைச் செய்தும் இருக்கிறேன், எடுத்தும் இருக்கிறேன். அந்தப் பக்கம் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் பயத்தில் பாதி குறையும். மீதிப் பாதி நியாயமானது. அதற்கு வேலை செய்ய வேண்டும்.

சோதனை இரண்டு வழியாக வரும். ஒன்று காகித வழி. பையிங் ஆபீசின் எச்.ஆர். நேரடியாகக் கேட்பது குறைவு. பெரும்பாலும் ஒரு வெரிஃபிகேஷன் ஏஜென்சியிடம் கொடுத்துவிடுவார்கள். அந்த ஏஜென்சியில் ஒரு பையனோ பெண்ணோ ஒரு நாளைக்கு ஏகப்பட்ட ஃபைல்களைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் கொடுத்த எச்.ஆர். மெயிலுக்கு ஒரு கட்டம் போட்ட தாளை அனுப்புவார்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, சம்பளம், யாருக்கு ரிப்போர்ட் செய்தார், விலகிய காரணம், ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா, கணக்குத் தீர்ந்ததா, மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா. அவ்வளவுதான் இருக்கும். பதில் வரவில்லை என்றால் இரண்டு மூன்று முறை நினைவூட்டுவார்கள், போன் செய்வார்கள், அதற்கும் வராவிட்டால் 'சரிபார்க்க முடியவில்லை' என்று எழுதி ஃபைலை மூடுவார்கள். சரிபார்க்க முடியவில்லை என்பதும் 'முரண்பாடு' என்பதும் ஒன்றல்ல. முன்னதற்குச் சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக் காட்டிச் சமாளிக்கலாம். பின்னது சிவப்பு.

உங்கள் கம்பெனி அளவுள்ள இடத்தில் இந்த மெயிலை யார் திறப்பார் என்று யோசியுங்கள். எம்.டி.யா? வாய்ப்பே குறைவு. அட்மின் பார்ப்பார், இல்லையென்றால் அக்கவுன்ட்ஸில் இருக்கும் அண்ணா. எதிரில் இருக்கும் ரிஜிஸ்டரைப் பார்த்து நிரப்புவார். அவர் கையில் உங்கள் ஃபைல் எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் உங்கள் ரெஃபரன்ஸ். கணக்குத் தீராமல் பாதியில் கிடந்தால் 'சொல்லாமல் நின்றுவிட்டார்' என்று ஒரு வார்த்தை போட்டு அனுப்பிவிடுவார். மெயிலில் பேப்பர் போட்டதோ, பதினோரு நாள் வந்ததோ அவருக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. ஆகவே நீங்கள் போய்ப் பார்க்க வேண்டிய முதல் ஆள் எம்.டி. அல்ல, அக்கவுன்ட்ஸ் அண்ணா.

இரண்டாவது, வாய் வழி. உங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் அதிக ஆபத்து. பையிங் ஆபீசின் மெர்ச்சண்டைசிங் மேனேஜர், திருப்பூரில் தனக்குத் தெரிந்த ஒரு கியூ.சி.யையோ (தரம் பார்ப்பவர்) ஃபேக்டரி மேனேஜரையோ கூப்பிட்டு, வேறு விஷயம் பேசிக்கொண்டே, "அந்தக் கம்பெனில இருந்த பொண்ணு எப்படிங்க?" என்று கேட்பார். ஃபாரமில் அதற்குக் கட்டம் கிடையாது. அவினாசி ரோட்டில் யார் எந்த ஷிப்மென்ட்டை ஏரில் அனுப்பினார்கள் என்பது மூன்று நாளில் ஊருக்கே தெரிந்துவிடும். அந்த ஆறு லட்சம் இதற்குள் யாரோ ஒருவர் வாயில் பத்து லட்சமாகியிருக்கும். ஆகவே "அவர் சொல்லாமல் இருப்பாரா?" என்று காத்திருப்பதில் பலன் இல்லை. சொல்லிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர் அதை முதலில் யாரிடமிருந்து கேட்கிறார் என்பதுதான் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது.

முதலாளி திட்டுவதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு புரொடக்‌ஷன் ஆளைப் பற்றி விசாரிக்க அவருடைய பழைய முதலாளிக்குப் போன் செய்தேன். நாலு நிமிடம் விடாமல் திட்டினார். எல்லாம் முடிந்த பிறகு, "சரிங்க சார், அவர் இடத்துல இப்ப யார் பாக்கறாங்க?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இன்னும் செட் ஆகலை" என்றார். அந்த ஆளை எடுத்தோம். கோபத்தில் பேசும் முதலாளியைக் கேட்டுப் பழகிய காதுகள் எங்களுக்கு உண்டு. கோபத்தையும் தகவலையும் பிரித்துத்தான் கேட்போம்.

இன்னொன்று, இது என் தவறு. ஒருமுறை எங்களிடமிருந்து போன ஒருவரைப் பற்றி வேறு கம்பெனியில் கேட்டார்கள். எனக்கும் அவருக்கும் கடைசி வாரத்தில் ஒரு சின்ன மனஸ்தாபம். ஏதோ வேலை அவசரத்தில், "அவரைப் பத்தி நான் எதுவும் சொல்ல விரும்பலைங்க" என்று வைத்துவிட்டேன். மரியாதையாக ஒதுங்கிக்கொண்டதாகத்தான் நினைத்தேன். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. திட்டியிருந்தால்கூட அவர்கள் மேற்கொண்டு கேட்டிருப்பார்கள். நான் வாயை மூடியதும் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் தேதி, பதவி, கணக்குத் தீர்ந்ததா என்ற மூன்றையாவது தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் எம்.டி.யிடமிருந்து நீங்கள் வாங்க வேண்டியதும் இந்த மூன்றுதான். நல்ல வார்த்தை கேட்டுப் போகாதீர்கள். கிடைக்காது, கேட்டால் வெறுப்பேறும்.

இப்போது தோழியின் யோசனை. வேண்டாம். முதல் காரணம், எம்.டி.க்குத் தெரிந்துவிடும். நீங்கள் சொன்ன குணத்துக்கு, "எந்தக் கம்பெனிங்க? ஜி.எம். யாரு?" என்று இரண்டு கேள்வி கேட்டாலே உங்கள் தோழி தடுமாறுவார். அதுவரை வாய்ப்பேச்சாக இருந்த கோபம், "என்னையே ஏமாத்தப் பாத்தா" என்று கெட்டிப்பட்டுவிடும். அதைவிட முக்கியம், அவர் தோழியிடம் என்ன சொன்னாலும் நீங்கள் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. நல்லபடி சொன்னால் நாளைக்கும் அப்படியே சொல்வார் என்று உத்தரவாதம் உண்டா?

சித்தப்பா மகனின் யோசனைக்கு இன்னும் கடுமையான 'வேண்டாம்'. அது போலி ஆவணம், கிரிமினல் குற்றம். ஏஜென்சி அந்த லெட்டரின் நகலை அதே கம்பெனிக்கு அனுப்பி, "இது நீங்கள் கொடுத்ததா?" என்று கேட்பதுதான் அவர்கள் வேலையே. அக்கவுன்ட்ஸ் அண்ணா ஒரு 'இல்லை' போட்டால் போதும். நோட்டீசை முடிக்காமல் வந்தவர் என்ற சின்னக் கறை, போலி லெட்டர் கொடுத்தவர் என்ற பெரிய கறையாகிவிடும். வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தாலும் அனுப்பிவிடுவார்கள். கூட வேலை பார்த்த யாருடைய நம்பரையாவது 'எச்.ஆர்.' என்று போடலாமே என்று அடுத்த யோசனை வரும். அதையும் இதோடு சேர்த்துத் தள்ளிவிடுங்கள். ஏஜென்சிகள் கம்பெனி டொமைன் மெயிலைத்தான் மதிக்கும், சொந்த ஜிமெயிலை அல்ல.

கணக்குக்கு வருவோம். காகிதத்தில் உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருப்பது ஆறு லட்சம் அல்ல. நீங்கள் சொன்ன தேதிகளை வைத்துப் போட்டுப் பார்த்தேன். நோட்டீஸ் 30 நாளில் ஏப்ரல் 3 முதல் 13 வரை 11 நாள் போயிருக்கிறீர்கள். பாக்கி 19 நாள். 38,000-ஐ 30-ஆல் வகுத்து 19-ஆல் பெருக்கினால் 24,067 ரூபாய். கம்பெனி உங்களுக்குத் தர வேண்டியது 13 நாள் சம்பளம், 16,467. கழித்தால் நீங்கள் கட்ட வேண்டியது 7,600 ரூபாய். அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் பாருங்கள். நோட்டீஸ் பாக்கியைப் பேசிக்கில் (அடிப்படைச் சம்பளத்தில்) கணக்கிடுவதாக இருந்தால் இது இன்னும் குறையும், உங்களுக்கு வர வேண்டியதாகக்கூட மாறலாம். இரண்டு மாதமாகத் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்தின் விலை அதிகபட்சம் 7,600 ரூபாய்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். கொஞ்சம் சொல்கிறேன், ஆனால் இதை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, ராஜினாமா செய்தவருக்கு வர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஏர் ஃப்ரைட் நஷ்டத்தைச் சம்பளத்தில் தன்னிஷ்டத்துக்குப் பிடிக்கவும் முடியாது. எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. கவனக்குறைவால் வந்த நஷ்டம் என்றால் முதலில் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். ரிலீவிங் லெட்டர் விஷயம் இவ்வளவு நேராக இல்லை. நிலையாணைகள் (கம்பெனியின் வேலை விதிகள்) பொருந்தும் இடங்களில் தொழிலாளிக்கு சர்வீஸ் சர்டிபிகேட் தர வேண்டும் என்பது பழைய நடைமுறை. மெர்ச்சண்டைசர் சட்டப்படி 'தொழிலாளி'யா என்பதை வைத்து இரண்டு வக்கீல்கள் மத்தியானம் வரை வாதாடலாம்.

அவதூறு வழக்கு? பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் நல்லெண்ணத்தோடு, இன்னொருவரின் நலனைக் காக்க ஒருவரின் நடத்தை பற்றிச் சொல்வதற்கு அதிலேயே விலக்கும் இருக்கிறது. வேலை கொடுக்கப்போகிறவர் கேட்க, பழைய முதலாளி தான் உண்மை என்று நம்புவதைச் சொன்னால் அந்த விலக்குக்குள் போய் நின்றுகொள்வார். "கலர் தப்பாப் போச்சு, நோட்டீஸ் முடிக்கலை" என்று அவர் சொன்னால் அது உண்மை. கசப்பானது, ஆனால் அவதூறு அல்ல. "பணம் எடுத்தா", "சாம்பிளை வித்தா" என்று இல்லாததைச் சொன்னால்தான் கதை வேறு. அப்படி ஏதாவது எழுத்தில் வந்தால் வக்கீலைப் பாருங்கள். அதுவரை அந்தப் பேச்சே வேண்டாம். கேஸ் முடிவதற்குள் உங்கள் பையிங் ஆபீஸ் மூன்று மெர்ச்சண்டைசர்களை மாற்றியிருக்கும்.

பி.எஃப். பக்கம் ஒரு பொறி இருக்கிறது, அதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்) போர்ட்டலில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி ஏற்றவில்லை என்றால், கடைசிப் பங்களிப்புக்குப் பிறகு இரண்டு மாதம் கழிந்ததும் ஆதார் ஓ.டி.பி. வைத்து நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் கடைசியாகப் பங்களிப்பு கட்டிய மாதத்துக்குள் வரும் தேதியைத்தான் அது ஏற்கும். உங்களுக்கு ஏப்ரல் சம்பளமே போடவில்லை. எனவே ஏப்ரல் பி.எஃப்.பும் கட்டியிருக்க மாட்டார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் விலகிய தேதி மார்ச் 31 என்று விழும். ஃபாரத்தில் ஏப்ரல் 13 என்று எழுதுவீர்கள். ஏஜென்சிக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து 'முரண்பாடு' என்று சிவப்பு மை அடிப்பார், ஒருவரும் பொய் சொல்லாமலேயே. ஆகவே கணக்குத் தீரும் வரை போர்ட்டலில் கை வைக்காதீர்கள். ஏற்கனவே ஏற்றிவிட்டீர்கள் என்றால், ஃபாரத்தில் உண்மைத் தேதியைப் போட்டு, பேப்பர் போட்ட மெயிலையும் ஒரு வரி விளக்கத்தையும் சேர்த்து வையுங்கள்.

அந்தக் கம்பெனிக்கு எப்போது போவது? சனிக்கிழமை வேண்டவே வேண்டாம், சம்பளப் பட்டுவாடா நாள், ஆபீசில் யாருக்கும் தலை நிமிராது. மாதக் கடைசி ஷிப்மென்ட் நேரமும் வேண்டாம். புதன்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்து மூன்று மணி வாக்கில் போங்கள். நம்ம ஊர் வழக்கப்படி பெரியவர்கள் யாரையாவது வைத்துப் பேசலாமா என்று வீட்டில் கேட்பார்கள். அப்பாவையோ மாமாவையோ கூட்டிப் போகாதீர்கள்; அது உத்தியோக விஷயத்தைக் குடும்பப் பஞ்சாயத்தாக்கிவிடும். எம்.டி. மதிக்கும் ஒருவர் உள்ளேயே இருப்பார், பழைய ஜி.எம்., ஃபேக்டரி மேனேஜர், இல்லை அந்த அக்கவுன்ட்ஸ் அண்ணாவேதான். அவரிடம் முன்கூட்டியே, "அண்ணா, கணக்கு முடிக்க வர்றேன், சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையுங்க" என்று சொன்னால் போதும்.

போவதற்கு முன்தினம் ஒரு மெயில் அனுப்புங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ, எட்டு வரிக்கு மேல் போகாமல். இந்த அளவில் இருக்கட்டும்:

"மதிப்பிற்குரிய சார், ஏப்ரல் 2 அன்று ராஜினாமா அனுப்பி, ஏப்ரல் 13 வரை பணிக்கு வந்தேன். நோட்டீஸில் 19 நாட்கள் பாக்கி இருக்கிறது. எனக்கு வர வேண்டிய 13 நாள் சம்பளத்தை அதில் நேர் செய்துகொண்டு மீதம் 7,600 ரூபாயைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன். கணக்கு வேறு மாதிரி இருந்தால் தெரிவியுங்கள். மார்ச் ஆர்டரில் என் பக்கம் நடந்த தவறுக்கு வருந்துகிறேன். பணிக்காலம், பதவி, பாக்கி இல்லை என்ற மூன்றும் அடங்கிய கடிதம் மட்டும் வேண்டுகிறேன். புதன்கிழமை மதியம் நேரில் வருகிறேன்."

"என் பக்கம் நடந்த தவறு" என்ற வரியைப் புரோகிராம் ஷீட்டைப் பார்த்த பிறகு மட்டும் சேருங்கள். ஷீட்டில் உங்கள் கையெழுத்தில் 'ஏ' என்று இருந்தால் சேருங்கள். 'பி' என்று இருந்து டையிங்கில் மாற்றி ஓட்டியிருந்தால், "அந்த ஆர்டரால் கம்பெனிக்கு ஏற்பட்ட நஷ்டம் எனக்கும் வருத்தம்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். செய்யாததை ஒப்புக்கொண்டு எழுத்தில் கொடுக்காதீர்கள். அந்த மெயிலே பிறகு சென்னைக்குப் போகலாம்.

நேரில் அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடம்தான். அந்த ஆறு லட்சம் அவருடைய சொந்தப் பணம் என்பதை மறக்க வேண்டாம். எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தது தவறுதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை; ஆனால் அந்த மாதம் அவரும் தூங்கியிருக்க மாட்டார். நிறைய முதலாளிகள், போனவர் திரும்பி வந்து கணக்கு முடிக்கிறேன் என்று உட்கார்ந்தாலே பாதி இறங்கிவிடுவார்கள். இறங்காதவர்களும் உண்டு. லெட்டர் தர மாட்டேன் என்றால் வாதாடாமல், "சரிங்க சார், கணக்காவது முடிச்சுக்கறேன்" என்று அக்கவுன்ட்ஸில் பணத்தைக் கட்டி ரசீது வாங்குங்கள். ரிலீவிங் லெட்டருக்கு அடுத்தபடியாக ஏஜென்சி மதிக்கும் காகிதம் அதுதான்.

இனி சென்னை. 'கரியர் குரோத்' என்று சொல்லிவிட்டீர்கள். எல்லோரும் சொல்வதுதான், எங்கள் காதில் விழுவதே இல்லை. ஆனால் ஃபாரத்தில் அதையே எழுதி, பழைய கம்பெனியிலிருந்து வேறு காரணம் வந்தால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே ஃபாரம் கொடுப்பதற்கு முன் அங்குள்ள எச்.ஆரிடம் போனில் பேசுங்கள். மெயில் வேண்டாம், குரலில் சொல்வது வேறு. மூன்று நிமிடம் போதும் (புரோகிராம் ஷீட் பற்றிய வரி, தவறு உங்களுடையது என்று ஷீட்டைப் பார்த்துத் தெரிந்தால் மட்டும்):

"மேடம், ஃபாரம் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் உங்ககிட்ட நானே சொல்லிடறேன். கடைசி கம்பெனில மார்ச்சில ஒரு ஆர்டர்ல கலர் அப்ரூவல் குழப்பமாகி, ஷிப்மென்ட் ஏர்ல போச்சு. புரோகிராம் ஷீட் நான் போட்டது, அதுல தப்பு இருந்தது. அதுக்கப்புறம் அங்க சூழ்நிலை சரியில்லாம நோட்டீஸ் முழுசா முடிக்காம வந்துட்டேன். இன்டர்வியூல இதைச் சொல்லியிருக்கணும், சொல்லலை. இப்ப கணக்கை முடிச்சுட்டு இருக்கேன். எம்.டி. கோபமாப் பேசலாம். தேதி, சம்பளம் எல்லாம் பேங்க், பி.எஃப்.ல இருக்கு. என் வேலையைப் பத்திக் கேக்க ரெண்டு பேர் நம்பர் தர்றேன்."

இதில் முதலாளியைப் பற்றி ஒரு குறை இல்லை, கவனித்தீர்களா? எல்லோர் முன்னாலும் திட்டியதைச் சொல்லாதீர்கள். சொன்னால் அவர்கள் பரிதாபப்படுவார்கள், வேலை கொடுக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, அந்தத் தவறு மறுபடி வராமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் கையில் இருக்கட்டும். அப்ரூவ் ஆன லேப் டிப் துண்டையே புரோகிராம் ஷீட்டில் ஒட்டி, டையிங் இன்சார்ஜிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் லாட் போட விடுவேன் என்பது மாதிரி. பையிங் ஆபீஸ்காரர்களுக்கு இது புரியும். ஏரில் ஷிப்மென்ட் அனுப்பிப் பார்க்காத மெர்ச்சண்டைசர் உண்டா? அனுபவத்தை விலை கொடுத்து வாங்கியவர், அந்த விலையை இன்னொரு கம்பெனி கட்டிவிட்டது என்று கணக்குப் போடும் மேனேஜர்களும் இருக்கிறார்கள். நானும் அப்படிக் கணக்குப் போட்டு ஆள் எடுத்திருக்கிறேன்.

அந்த இரண்டு பேர் யார்? கூட உட்கார்ந்து டீ குடித்த தோழிகள் அல்ல. உங்களுக்கு மேலே இருந்து இப்போது வேறு கம்பெனியில் இருக்கும் சீனியர் ஒருவர். இன்னொருவர் உங்கள் வேலையை வெளியிலிருந்து பார்த்தவர். டையிங் யூனிட் இன்சார்ஜாகவோ, பையர் பக்கத்திலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த கியூ.சி.யாகவோ இருக்கலாம். மூன்றரை வருடத்தில் நீங்கள் சரியாக அனுப்பிய ஷிப்மென்ட்டுகள் எத்தனை என்று அவர்களுக்குத்தான் தெரியும். நம்பர் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று சொல்லுங்கள். மார்ச் விஷயத்தை நீங்களே சென்னையில் ஏற்கனவே சொல்லிவிட்டதையும் சொல்லுங்கள். இல்லையென்றால் பாவம், உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து, "அப்படி எதுவும் நடக்கலையே" என்று அவர்கள் ஒரு பொய் சொல்லி வைப்பார்கள்.

எல்லாம் செய்தும் ரிப்போர்ட் மோசமாக வந்தால்? உடனே ஆஃபரை ரத்து செய்வது குறைவு. 'விளக்கம் தேவை' என்று ஒரு மெயில் வரும். கோபப்படாமல் ஒரு நாளுக்குள் பதில் போடுங்கள்: ராஜினாமா மெயில், ரசீது, சம்பளம் ஏறிய பேங்க் பக்கங்கள், பி.எஃப். பாஸ்புக். என்ன சொன்னார்கள் என்று எழுத்தில் தரும்படி கேட்கலாம்; கொடுப்பார்களா என்பது அவர்கள் விருப்பம். அப்படியும் போய்விட்டால், அடுத்த இன்டர்வியூவில் இதே மூன்று நிமிடப் பேச்சை ஆஃபருக்குப் பிறகு அல்ல, 'ஏன் விலகினீர்கள்' என்று கேட்கும்போதே சொல்லுங்கள்.

ஃபாரத்தில் 'இந்தக் கம்பெனியைத் தொடர்புகொள்ளலாமா' என்ற கட்டத்தில் 'ஆம்' போடுங்கள். ரிப்போர்ட்டிங் மேனேஜர் என்ற இடத்தில் எம்.டி. பெயர், எச்.ஆர். என்ற இடத்தில் அக்கவுன்ட்ஸ் மெயில் ஐ.டி.யும் ஆபீஸ் லேண்ட்லைனும். விலகிய காரணத்துக்கு, "ராஜினாமா, நோட்டீஸ் பாக்கி நேர்செய்யப்பட்டது" என்று எழுதுங்கள். புதன்கிழமை பணம் கட்டுவதற்கு முன் அதை எழுத முடியாது, அதனால் ஃபாரத்தை வியாழக்கிழமை நிரப்புங்கள். 7,600-ஐ ரொக்கமாகக் கொடுக்காமல் உங்கள் அக்கவுன்டிலிருந்து கம்பெனி அக்கவுன்டுக்கு மாற்றுங்கள். ரசீதில் தேதியும் சீலும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.